எந்த விமானத்தைக் கைவிடப் போகிறார்கள்?

இரண்டு விமான நிறுவனங்கள் இணையப்போவதாகச் செய்தி வந்தால் கூடவே ஒரு வரைபடமும் வரும். ஒரு நிறுவனத்தின் ரூட்டுகள் ஒரு நிறத்தில், இன்னொன்றின் ரூட்டுகள் வேறு நிறத்தில், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்டங்கள் முழுக்கக் கோடுகள். கீழே கூட்டுத்தொகை போட்டிருப்பார்கள்: இத்தனை விமானங்கள், இத்தனை ஊர்கள், ஒரு நாளைக்கு இத்தனை பயணங்கள். இந்தக் கூட்டல் பல வருடங்களாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அறிவிப்பு வருகிற நாளில் அந்த எண்கள் சரியானவைதான். நான்கைந்து வருடம் கழித்து அதே நிறுவனத்தின் வரைபடத்தை எடுத்து முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தெந்தக் கோடுகள் காணாமல் போயிருக்கின்றன என்பது தெரியும். காணாமல் போனவை ஏன் போயின என்பதை அந்த வரைபடம் ஒருபோதும் சொல்லாது.

நான் வழக்கமாகப் போய்வந்த ஒரு நேரடி விமானமும் அப்படித்தான் ஓர் இணைப்புக்குப் பிறகு நின்றுபோனது. முதலில் புறப்படும் நேரம் மாறியது. அப்புறம் தினசரி சேவை வாரத்தில் சில நாள் சேவையானது. பிறகு ஒருநாள் டிக்கெட் தேடினால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மணிக்கணக்கில் காத்திருந்து மாறிப்போகிற வழி மட்டுமே வந்தது. ஆளில்லாத விமானமாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். நான் போனபோதெல்லாம் அதில் பெரும்பாலான இருக்கைகள் நிரம்பியே இருந்தன. விமானப் பராமரிப்பில் இன்ஜினியராக இருக்கும் நண்பனிடம் இதைப் புலம்பியபோது அவன் கேட்ட முதல் கேள்வி பயணிகளைப் பற்றியதாக இல்லை. "அந்த ரூட்ல எந்த டைப் ஓடிச்சு?" என்று கேட்டான். சொன்னேன். "அந்த டைப்பையே விடறாங்கடா. அப்புறம் ரூட் எப்படி நிக்கும்? மேப்பைப் பார்த்து ஒண்ணும் தெரியாது, எதை வெச்சுக்கறாங்க, எதைத் தள்றாங்கன்னு பாரு" என்றான்.

அவன் சொன்னது அன்றைக்கு எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. பிறகு எந்த இணைப்புச் செய்தி வந்தாலும் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு பக்கமும் இருக்கும் விமானப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: இணைப்புக்குப் பிறகு ஒரு நிறுவனம் எந்த வகை விமானத்தைக் கைவிடுகிறதோ, அந்த விமானத்தின் அளவுக்கு மட்டுமே பொருந்திய ஊர்கள் அதோடு சேர்ந்து கைவிடப்படுகின்றன. ரூட் என்பது இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கும் கோடு என்று நினைக்கிறோம், உண்மையில் அது இரண்டு ஊர்களும் ஒரு குறிப்பிட்ட அளவு விமானமும் சேர்ந்த ஒரு ஏற்பாடு.

ஒரே விமானம், வேறு இன்ஜின்

ஒரு நிறுவனத்துக்கு ஒவ்வொரு வகை விமானமும் தனிக் குடும்பம் மாதிரி. போயிங் 737 ஓட்டும் விமானி நாளைக்கே ஏர்பஸ் ஏ320 ஓட்ட முடியாது, தனிப் பயிற்சியும் தனித் தகுதியும் வேண்டும். சிமுலேட்டர் தனி, உதிரி பாகக் கிடங்கு தனி, கையிருப்பில் வைக்கும் உபரி இன்ஜின் தனி, கையெழுத்துப் போடத் தகுதியுள்ள இன்ஜினியர்கள் தனி. ஒரு ஊரில் விமானம் பழுதானால் அதற்குப் பதிலாக அனுப்ப அதே வகை இன்னொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் இருபது விமானம் மட்டும் உள்ள ஒரு வகையை வைத்திருக்கும் செலவு, இருநூறு உள்ள வகையில் இன்னும் இருபதைச் சேர்க்கும் செலவைவிடப் பல மடங்கு கூடுதல். இணைப்பு நடந்ததும் நிதிப் பிரிவினர் முதலில் கை வைப்பது இந்தச் சின்னக் கூட்டங்களின் மேல்தான்.

பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டிடபிள்யூஏ என்ற இன்னொரு அமெரிக்க விமான நிறுவனத்தை வாங்கியது நல்ல உதாரணம். இரண்டு பக்கமும் போயிங் 757 இருந்தது. அமெரிக்கனின் 757-களில் ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின், டிடபிள்யூஏ-வுடையவற்றில் பிராட் அண்ட் விட்னி. வெளியே நின்று பார்க்கிற பயணிக்கு இரண்டும் ஒன்றுதான், பராமரிப்புக்கூடத்துக்கு இரண்டும் வேறு. டிடபிள்யூஏ-வின் 757-கள் அமெரிக்கனில் நிலைக்கவில்லை. இப்போது நடக்கும் தென் கொரியாவின் கொரியன் ஏர், ஆசியானா இணைப்பிலும் இதே சங்கதி உண்டு. இரண்டு நிறுவனங்களிடமும் ஏ380 இருக்கிறது. ஆசியானாவுடையதில் ரோல்ஸ் ராய்ஸ், கொரியனுடையதில் இன்ஜின் அலையன்ஸ். இப்படிப்பட்ட விவரங்களை இணைப்பு அறிவிப்பில் யாரும் போடுவதில்லை, ஆனால் பத்து வருடம் கழித்து எந்த விமானம் ஓய்வுபெற்று பாலைவனத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் என்பதை அதிகம் தீர்மானிப்பவை இவைதான்.

எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008 அக்டோபரில் நார்த்வெஸ்ட்டை இணைத்துக்கொண்ட டெல்டா, பல வகைகளை வைத்திருப்பதைப் பெரிய பாரமாக நினைக்கவில்லை. நார்த்வெஸ்ட்டின் பழைய டிசி-9 விமானங்களை 2014 ஜனவரி வரை ஓட்டியது. கடன் தீர்ந்த பழைய விமானத்தை ஆள் குறைந்த காலத்தில் சும்மா நிறுத்திவைக்கலாம், மாதத் தவணை கழுத்தை நெரிக்காது. நார்த்வெஸ்ட்டோடு வந்த ஏ330-களும் அப்படியே தங்கின, 2014-ல் டெல்டா ஏ330நியோவையே ஆர்டர் செய்தது. ஒரு வகையின் எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் அது இணைப்பைத் தாங்கி நிற்கும். தனித்துப் போன சின்னக் கூட்டங்களுக்குத்தான் ஆபத்து.

717 போன பாதை

இந்த விஷயத்தில் என் பார்வையைத் திருப்பியது ஒரே ஒரு விமானத்தின் கதை. போயிங் 717. அதுவே ஓர் இணைப்பின் குழந்தைதான்: மெக்டோனல் டக்ளஸ் எம்டி-95 என்ற பெயரில் உருவாக்கிக்கொண்டிருந்ததை, 1997-ல் போயிங் அந்த நிறுவனத்தை இணைத்துக்கொண்ட பிறகு 717 என்று பெயர் மாற்றி விற்றார்கள். 1999-ல் முதல் விமானம் ஏர்டிரான் என்ற குறைந்த கட்டண அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. மொத்தமே 156 தான் தயாரானது, 2006-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நூற்றுச் சொச்சம் இருக்கைகள், குறுகிய தூரத்துக்கு அளவான உடம்பு. பெரிய ஊரையும் நடுத்தர ஊரையும் இணைக்க அதைவிடப் பொருத்தமான விமானம் அந்தக் காலத்தில் குறைவு.

டிடபிள்யூஏ-விடமும் 717 இருந்தது. அமெரிக்கன் வாங்கிய கொஞ்ச காலத்திலேயே அவற்றை வெளியே அனுப்பிவிட்டது, அவற்றில் பல ஏர்டிரானிடம் போய்ச் சேர்ந்தன. ஏர்டிரான் அவற்றை வைத்துக்கொண்டு அட்லாண்டாவை ஹப்பாக, அதாவது பல ஊர்ப் பயணிகள் வந்து விமானம் மாறும் மையமாக ஆக்கி, ஹண்ட்ஸ்வில், லெக்சிங்டன், ஹாரிஸ்பர்க், ஆலன்டவுன் போன்ற ஊர்களுக்கெல்லாம் விமானம் விட்டது. 2011 மே மாதம் சவுத்வெஸ்ட் ஏர்டிரானை வாங்கி முடித்தது, சுமார் 140 கோடி டாலருக்கு. அப்போது ஏர்டிரானிடம் 88 போயிங் 717-களும் 52 போயிங் 737-களும் இருந்தன. சவுத்வெஸ்ட் தொடக்கத்திலிருந்து 737 ஒன்றையே நம்பி வளர்ந்த நிறுவனம். முதலில் 717-களையும் ஓட்டப்போவதாகத்தான் சொன்னார்கள். சிறிய ஊர்களுக்கு இனி நாங்களும் போக முடியும் என்பது அந்த இணைப்பைப் பற்றி அவர்கள் பேசிய பேச்சில் ஒரு முக்கியப் பகுதி. ஒரே வருடத்தில் முடிவு மாறியது. 2012-ல் அந்த 88 விமானங்களையும் டெல்டாவுக்குக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்தார்கள்.

எரிபொருள் விலை அப்போது உச்சத்தில் இருந்தது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அளவின் கணக்கை மட்டும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு ஊரிலிருந்து ஒரு புறப்பாட்டுக்குச் சராசரியாக 85 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏர்டிரானின் 717-ல் 117 இருக்கை, அதாவது 73 சதவீதம் நிரம்புகிறது. சவுத்வெஸ்ட்டின் 737-700-ல் 143 இருக்கை போட்டார்கள், அதே 85 பேர் ஏறினால் 59 சதவீதம். முதலாவதை ஓட்டலாம், இரண்டாவது நஷ்டம். பெரிய விமானத்தில் ஓர் இருக்கைக்கான செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரு முறை பறப்பதற்கான மொத்தச் செலவு கூடுதல், அந்தச் செலவைக் கொடுக்கிற அளவுக்கு ஊரில் ஆள் இல்லை. சரி, நாளைக்கு நான்கு தடவை போவதை மூன்றாக்கிக் கூட்டத்தை ஒன்றாகச் சேர்க்கலாம் என்று நினைப்பார்கள். அப்படிக் குறைத்தால் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டியவர்கள் வேறு நிறுவனத்துக்கோ காருக்கோ மாறிவிடுவார்கள். அவர்கள்தான் கூடுதல் கட்டணம் கொடுப்பவர்கள். மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். என்னுடைய ரூட் நின்ற வரிசையும் இதேதான் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவானது.

லெக்சிங்டன், ஹண்ட்ஸ்வில், ஹாரிஸ்பர்க், ஆலன்டவுன் எல்லாம் 2012-ல் அந்த வரைபடத்திலிருந்து போயின. அட்லாண்டா ஹப்பாக இருப்பதும் மெல்லக் கரைந்தது. 2014 டிசம்பரில் ஏர்டிரானின் கடைசி விமானம் பறந்தபோது, இணைப்பு அறிவிப்பில் சேர்த்துக் காட்டிய ஊர்களில் கணிசமானவை எப்போதோ விடைபெற்றிருந்தன.

ஹப் எப்படி மெலிகிறது

சின்ன ஊர்கள் போனால் ஹப் ஏன் ஆட்டம் காண வேண்டும் என்று தோன்றலாம். ஹப்பின் பலம் அங்கே வந்துசேரும் ஊர்களின் எண்ணிக்கையில் இல்லை, அந்த ஊர்களை ஒன்றோடொன்று இணைத்தால் கிடைக்கும் ஜோடிகளில் இருக்கிறது. நாற்பது ஊர்களிலிருந்து விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கி, ஒரு மணி நேரத்தில் திரும்பக் கிளம்புகின்றன என்றால் 780 ஜோடி ஊர்களுக்குப் பயணம் விற்கலாம். அதில் பத்து ஊரை எடுத்துவிட்டால் மிச்சம் 435 தான். கால்வாசி ஊர் போனதற்குக் கிட்டத்தட்டப் பாதி வியாபாரம் போகிறது. மீதமுள்ள முப்பது ஊர்களின் விமானங்களும் முன்னைவிடக் காலியாகப் பறக்கும், அவற்றில் பலவீனமானவை அடுத்துக் கழன்றுகொள்ளும். கழற்றப்படும் அந்த முதல் பத்து ஊர்கள் எப்போதும் சிறிய விமானம் போகும் ஊர்கள்தான்.

இனி அந்த 88 விமானங்களின் அடுத்த பயணத்தைப் பார்க்கலாம். டெல்டா அவற்றை எதற்காக எடுத்தது? 50 இருக்கை ஜெட்களைக் குறைப்பதற்காக. 2012-ல் விமானிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 717-களைக் கொண்டுவருவதும், 50 இருக்கை விமானங்களை 125-க்குள் அடக்குவதும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. டெல்டா பார்வையில் அது சரியான முடிவு. எரிபொருள் விலை ஏறிய பிறகு அந்தக் குட்டி ஜெட்களில் லாபம் பார்ப்பது கடினம், பயணிகளுக்கும் அவை பிடிக்கவில்லை. ஆனால் டெல்டாவின் ஹப்களில் இரண்டு அந்தக் குட்டி ஜெட்களை நம்பியே நின்றன: நார்த்வெஸ்ட்டோடு வந்த மெம்பிஸ், டெல்டாவுக்கே சொந்தமான சின்சினாட்டி.

மெம்பிஸ் அட்லாண்டாவிலிருந்து சுமார் 530 கிலோமீட்டர். சின்சினாட்டி, நார்த்வெஸ்ட் வழியாக வந்த டெட்ராய்ட்டிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர். இணைப்புக்கு முன்னால் இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அவை வெவ்வேறு கம்பெனிகளின் ஹப்கள், ஒன்றுக்கொன்று போட்டி. இணைந்த மறுநாள் அவை ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்யும் ஹப்களாகிவிட்டன. 2005 வாக்கில் நாளொன்றுக்கு 600-க்கும் மேற்பட்ட புறப்பாடுகள் இருந்த சின்சினாட்டியில் குறைப்பு இணைப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது, இணைப்பு அதை வேகப்படுத்தியது. அங்கிருந்து இயங்கிய, டெல்டாவுக்குச் சொந்தமான, 50 இருக்கை ஜெட்டை வட அமெரிக்காவில் முதலில் ஓட்டிய காம்ஏர் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. அதன் விமானங்கள் நின்ற கட்டடத்தைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள். மெம்பிஸ் 2013 செப்டம்பரில் ஹப் பட்டியலிலிருந்து நீங்கியது. உள்ளூர்ப் பயணிகள் குறைவு, சிறு ஜெட்களின் இயக்கச் செலவு அதிகம் என்ற காரணங்களையே டெல்டா சொன்னது.

ஆக, ஏர்டிரானின் சிறிய ஊர்களிலிருந்து கிளம்பிப்போன அதே விமானங்கள், வேறொரு நிறுவனத்துக்குள் நுழைந்து இன்னொரு வரிசை ஊர்களின் ஜெட்களை வெளியே தள்ள உதவியிருக்கின்றன. இதை முதன்முதலாகக் கோத்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓர் இணைப்பின் விளைவு அந்த இரண்டு நிறுவனங்களோடு நிற்பதில்லை. வெளியே தள்ளப்பட்ட விமானம் எங்கேயாவது போய் இறங்கித்தான் ஆக வேண்டும், அது இறங்குகிற இடத்திலும் ரூட்டுகள் மாறும்.

இதில் நல்லதே இல்லையா என்றால், உண்டு. சின்சினாட்டி ஹப்பாக இருந்த காலத்தில் உள்ளூர்க்காரர்களின் கட்டணம் அமெரிக்காவிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்தது. டெல்டா பின்வாங்கிய பிறகு குறைந்த கட்டண நிறுவனங்கள் உள்ளே வந்தன, கட்டணம் இறங்கியது, அங்கிருந்தே பயணம் தொடங்குகிறவர்களின் எண்ணிக்கை கூடியது, பிறகு அமேசான் தன் சரக்கு விமானங்களுக்கான பெரிய மையத்தையும் அங்கே கட்டியது. ஹப் இழந்த ஊர் எல்லாம் பாழ் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சின்சினாட்டி தாக்குப்பிடித்ததற்கு அங்கே போதுமான மக்கள்தொகையும் பெரிய கம்பெனிகளும் இருந்தன. சின்சினாட்டி வழியாக உலகத்தோடு இணைந்திருந்த சின்னச் சின்ன ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

செயின்ட் லூயிஸ் இன்னும் வருத்தமானது. அமெரிக்கன் டிடபிள்யூஏ-வை வாங்கியபோது, நெரிசல் மிகுந்த சிகாகோவுக்குத் துணையாக அந்த ஹப்பை வளர்ப்பதாகத்தான் யோசனை. அதே ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயணிகள் குறைந்தார்கள், சிகாகோவில் நெரிசலும் இல்லை, துணை ஹப்பின் தேவையும் இல்லை. 2003 நவம்பரில் பெரிய வெட்டு விழுந்தது. ஆனால் டிடபிள்யூஏ காலத்து நெரிசலை மனதில் வைத்துத் திட்டமிட்ட புதிய ஓடுபாதை வேலை நடந்துகொண்டே இருந்தது. பிரிட்ஜ்டன் என்ற பக்கத்து நகரில் ஏறத்தாழ 2,000 வீடுகளை வாங்கி இடித்து, 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2006 ஏப்ரலில் அதைத் திறந்தார்கள். அப்போது அதில் வந்து இறங்க வேண்டிய விமானங்கள் அங்கே இல்லை. விமானத்தை வேறு ஊருக்கு நகர்த்த ஒரு கால அட்டவணை மாறினால் போதும், ஓடுபாதையையும் இடித்த வீட்டையும் எங்கேயும் நகர்த்த முடியாது. இணைப்புகளை அனுமதிக்கும் இடங்களில் இந்த வித்தியாசம் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம்.

இல்லாததை வாங்கும்போது

எதிர்ப்பக்க உதாரணத்தை ஒரே நிறுவனமே தருகிறது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2016 டிசம்பரில் வர்ஜின் அமெரிக்காவை 260 கோடி டாலருக்கு வாங்கியது. அலாஸ்காவின் முதன்மை விமானங்கள் எல்லாம் 737, வர்ஜினிடம் இருந்தவை எல்லாம் ஏ320 குடும்பம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வேலை. அப்படி இருந்தால் என்ன நடக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். 2023 செப்டம்பரோடு ஏர்பஸ் அத்தனையும் வெளியே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பத்து ஏ321நியோவும் அமெரிக்கனுக்குப் போயின. அடுத்த வருடமே, 2024 செப்டம்பரில், அதே அலாஸ்கா 190 கோடி டாலருக்கு ஹவாயன் ஏர்லைன்ஸை இணைத்துக்கொண்டது. அங்கே இருந்தவை ஏ330, போயிங் 787, ஏ321நியோ, அப்புறம் நம் 717. இதில் ஏ330-உம் 787-உம் அலாஸ்காவிடம் அதுவரை இல்லாத வகை, கடல் தாண்டும் அகன்ற உடல் விமானங்கள். அவை கைக்கு வந்ததும் சியாட்டிலிலிருந்து டோக்கியோவுக்கும் சோலுக்கும் 2025-ல் சேவை தொடங்கியது. தன்னிடம் இருப்பதையே இன்னொரு பெயரில் வாங்கினால் விமானம் வெளியே போகிறது, தன்னிடம் இல்லாததை வாங்கினால் ரூட் பிறக்கிறது.

பிறந்த அந்த ரூட்டுக்கும் விலை உண்டு. சியாட்டில்–சோல் தொடங்கிய அதே 2025-ல் ஹொனலூலு–சோல் நின்றது. விமானங்களின் எண்ணிக்கை கூடவில்லை, அவை வேலை பார்க்கும் இடம்தான் மாறியது. ஹொனலூலுவில் இருப்பவர் அந்த முதல்நாள் வரைபடத்தைப் பார்த்து மகிழ்ந்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

விமானம் மாறினால் ரூட் மாறும் என்பதற்கு நடுவே மனிதர்கள் இருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்கா வெஸ்ட்டும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்தன. யார் யாருக்கு சீனியர் என்ற சண்டையில் விமானிகள் பல வருடம் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கூட்டமாகவே இருந்தார்கள். மேற்குக்காரர் கிழக்கின் விமானத்தை ஓட்டக்கூடாது, அவர் கிழக்கில் சும்மா நின்றாலும் சரி. கம்பெனி ஒன்று, விமானத்தின் வண்ணம் ஒன்று, ஆனால் விமானங்களை இஷ்டப்படி இடம் மாற்ற முடியாது. நமக்கு அருகிலும் இது நடந்தது. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள், ஒன்றில் பெரும்பாலும் போயிங், இன்னொன்றில் ஏர்பஸ். ஒரே வேலைக்கு இரண்டு வகை என்ற சிக்கல் பெரிதாக இல்லாத இணைப்பு அது. ஆனாலும் 2012-ல் 787 வரப்போகும் நேரத்தில், அதன் பயிற்சியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பங்கா என்பதில் வெடித்த வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு நெருக்கமாக நீடித்து வெளிநாட்டு ரூட்டுகளை முடக்கியது. ஒரு விமானியின் சம்பளமும் எதிர்காலமும் அவர் எந்த வகை விமானத்தில் உட்காருகிறார் என்பதோடு பிணைந்திருப்பதால் அந்தக் கோபத்தை அற்பமானது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 2024 நவம்பரில் ஏர் இந்தியா விஸ்தாராவை இணைத்தபோது, விஸ்தாராவின் விமானங்களை அவற்றின் ஊழியர்களோடு, 2-ல் தொடங்கும் தனி எண் வரிசையில் முன்பு போலவே ஓட்டியதை ஒரு கவனமான ஏற்பாடாகவே பார்க்கிறேன்.

இன்னும் வராத விமானங்களும் இதில் அடிபடும். நார்த்வெஸ்ட் 787-க்கு ஆர்டர் கொடுத்திருந்தது. டெல்டா அதைத் தள்ளிப்போட்டு 2016-ல் அந்த 18 விமானங்களையும் ரத்து செய்தது. யுஎஸ் ஏர்வேஸ் கேட்டிருந்த 22 ஏ350-களை அமெரிக்கன் 2018-ல் ரத்து செய்து 787 பக்கம் போனது. ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் இதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்தது. 2019-ல் ஏ350 எல்லாம் ஏர் பிரான்ஸுக்கு, 787 எல்லாம் கேஎல்எம்முக்கு என்று ஆர்டர்களை உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொண்டார்கள். பாரிசும் ஆம்ஸ்டர்டாமும் சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும் இரண்டு ஹப்களும் உயிரோடு இருப்பதற்கு இரண்டு அரசுகள் காரணம். வெளிநாட்டுப் பறப்பு உரிமைகள் ஒவ்வொரு நாட்டின் பெயரிலும் தனித்தனியாக இருக்கின்றன, எந்த அரசும் தன் ஹப்பை விட்டுக்கொடுக்காது. மெம்பிஸுக்கும் சின்சினாட்டிக்கும் அப்படிக் கேட்க ஒரு நாடு இல்லை.

ஒழுங்குமுறை அமைப்புகள் பல காலமாக ஸ்லாட்டையே, அதாவது நெரிசலான விமான நிலையத்தில் இறங்கவும் கிளம்பவும் ஒதுக்கப்படும் நேரத்தையே, பெரிதாகப் பார்த்துக்கொண்டிருந்தன. 2013-ல் அமெரிக்கன், யுஎஸ் ஏர்வேஸ் இணைப்பை அனுமதிக்க அமெரிக்க நீதித்துறை கேட்டதில் முக்கியமானது, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் 104 ஸ்லாட்டுகளையும் நியூயார்க் லகார்டியாவில் 34 ஸ்லாட்டுகளையும் மற்றவர்களுக்குக் கொடுப்பது. ஸ்லாட் கிடைத்தாலும் அதில் இறக்க ஏற்ற விமானம் வேண்டுமே. கொரியன்–ஆசியானா விவகாரத்தில் ஐரோப்பிய ஆணையம் ஒரு படி மேலே போனதைக் கவனித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பாரிஸ், ரோம், பார்சிலோனா, பிராங்க்பர்ட் ரூட்டுகளில் டிவே என்ற சிறிய நிறுவனம் போட்டியாக நிற்க வேண்டும் என்றார்கள். அதனிடம் அவ்வளவு தூரம் பறக்கப் போதுமான விமானங்கள் இல்லாததால் கொரியன் ஏரே தன் ஏ330-200-களை அதற்குக் கொடுத்தது. ரூட்டைத் தனியாகவும் விமானத்தைத் தனியாகவும் பிரிக்க முடியாது என்பது ஓர் அரசாங்க முடிவாகவே வந்தது அங்கேதான். இணைப்புக்கு அனுமதி கேட்டு வருகிற எந்த நிறுவனத்திடமும், எந்த வகை விமானங்களை எத்தனை வருடத்தில் வெளியேற்றப் போகிறீர்கள், அவை இன்றைக்கு எந்தெந்த ஊருக்குப் போகின்றன என்று ஒரு பட்டியல் கேட்டு அதைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அந்தப் பட்டியலைத் தயாரிக்கத் தேவையான அத்தனையும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது நான் கவனித்துக்கொண்டிருப்பது ஹவாய்த் தீவுகளை. தீவுக்குத் தீவு அரை மணி நேரம் பறக்கும் அந்தச் சேவையைப் பெரும்பாலும் நடத்துவது ஹவாயனின் 717-கள். அங்கே மக்களுக்கு அது பஸ் மாதிரி, மருத்துவமனைக்குப் போகிறவரும் வேலைக்குப் போகிறவரும் அதில் போகிறார்கள். அந்தச் சேவையைக் குறைக்கக்கூடாது என்று இணைப்பை அனுமதித்தபோது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நிபந்தனை போட்டிருக்கிறது, ஆனால் அந்த நிபந்தனைக்குக் கால வரம்பு உண்டு. 717-களோ வயதாகி வருபவை, அதே மாதிரி புதிது எங்கும் தயாராவதில்லை. அந்த அளவில் இன்று புதிதாக வாங்கக் கிடைப்பவை ஏ220-100, எம்ப்ரேயர் இ-ஜெட் போன்றவை, அலாஸ்காவின் முதன்மை ஃப்ளீட்டோ 737-ஐச் சுற்றிக் கட்டப்பட்டது. 717-க்குப் பதிலாக என்ன வரும் என்று அவர்கள் அறிவிக்கும் நாளில் அந்த விமானத்தில் எத்தனை இருக்கை என்பதைத்தான் முதலில் தேடுவேன், அதை வைத்து லிஹுவேயிலிருந்தும் ஹிலோவிலிருந்தும் ஒரு நாளைக்கு எத்தனை புறப்பாடு மிஞ்சும் என்று கணக்குப் போடலாம்.